ஐந்துக்குப் பூச்சியம்: கல்கத்தா, 1975

கல்கத்தாவில் ஒரு தலைமுறைக்கு 'ஐந்து' என்று சொன்னால் போதும். எதில் ஐந்து, யாருக்கு ஐந்து என்று அங்கே எவரும் திருப்பிக் கேட்பதில்லை. 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கழகம் தன் பரம எதிரியான மோகன் பகானை ஐந்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்கடித்தது. இரு கழகங்களும் நூறாண்டு காலமாக நூற்றுக்கணக்கான முறை மோதியிருக்கின்றன. வெற்றிகள், தோல்விகள், யாருக்கும் பயன்படாத சமன்கள் என அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகிறது. எனினும் அந்த ஒரு மாலையின் எண்ணிக்கை மட்டும் பெயர்ச்சொல்லாகிவிட்டது.

நம்முடைய இலக்கிய இதழ்களில் வங்கம் என்றதும் ஒரு வரிசை தானாக எழுந்து நிற்கும்: தாகூர், சரத்சந்திரர், தாராசங்கர், விபூதிபூஷண், பின்னர் திரையில் ராய், கட்டக். அந்த வரிசையில் கால்பந்துக்கு நாம் இடம் கொடுத்ததில்லை. வங்காளிகள் கொடுத்திருக்கிறார்கள். ஆனந்தபஜார் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியைப் பல்லாண்டு கவனித்துவந்த மோதி நந்தி, 'ஸ்ட்ரைக்கர்', 'ஸ்டாப்பர்' என்று கல்கத்தா மைதானத்தையே களமாகக் கொண்டு நாவல்கள் எழுதினார். ஒரு நகரம் தன் துயரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று அறிய விரும்பும் வாசகர், கவிதையோடு சேர்த்து அந்த மைதானத்தின் மரப்பலகை கேலரிகளையும் பார்த்துவிடுவது நல்லது.

மோகன் பகான் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வடகல்கத்தாவில் தோன்றியது. வசதியுள்ள வங்காளிக் குடும்பங்களின் பின்புலம், ஒழுக்கத்தின்மீது பிடிவாதம் என அக்காலத்துச் சீர்திருத்தச் சங்கங்களின் சாயல் அதற்கு இருந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, 1893இல் தொடங்கப்பட்ட இதே கேடயத்தின் இறுதியாட்டத்தில், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை அக்கழகம் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்றதை நாடு எப்படிக் கொண்டாடியது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதை இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதிகம் எழுதப்படாத ஒன்று உண்டு. அந்த வெற்றியணியில் பலர் கிழக்கு வங்க மாவட்டங்களில் வேர்கொண்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அப்போது அது ஒரு செய்தியே அன்று. பத்மா நதிக்கு அக்கரை, இக்கரை என்ற பேச்சு இருந்தது. ஆனால் அது கேலிப்பேச்சு.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையும் பெரிய இலட்சியத்தில் தொடங்கவில்லை. ஒரு மனத்தாங்கலில் தொடங்குகிறது. 1920ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று கூச்பிகார் கோப்பைப் போட்டியில் ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானை எதிர்கொள்ள இருந்தது. ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற தடுப்பாட்டக்காரர் காரணம் சொல்லப்படாமல் நீக்கப்பட்டார். அவர் கிழக்கிலிருந்து வந்தவர். கழகத்தின் துணைத்தலைவரான சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கத்தியர்தான். அவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், கேட்கப்படவில்லை, வெளியேறினார். நான்கு நாட்களுக்குள், ஆகஸ்டு முதல் தேதி, புதுக்கழகம் உருவானது. பெயரிலேயே திசையை வைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாண்டு கழித்து அக்கழகம் கல்கத்தா லீகின் முதல் பிரிவுக்கு உயரவேண்டிய கட்டம் வந்தபோது, அந்தப் பிரிவிலிருந்த ஆங்கிலேயக் கழகங்கள் இசைந்தன. எதிர்த்தவை மோகன் பகானும் ஆரியனும், அதாவது அங்கிருந்த இந்தியக் கழகங்கள். அந்த எதிர்ப்பையும் தாண்டி மேலேறிய ஈஸ்ட் பெங்கால், 1925ஆம் ஆண்டு மே 28 அன்று நடந்த முதல் லீக் மோதலில் நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலால் மோகன் பகானை வென்றது. பகை அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்வது எளிது. நாம் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். 1925இன் பகை இரு தெருக்காரர்களின் பகை. அதற்கு வேறொரு எடை ஏறியது 1947க்குப் பின்னர்தான்.

பிரிவினையின்போது கிழக்கு வங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. அடுத்த ஆண்டுகளில் அலையலையாக வந்து சேர்ந்த அகதிகளின் முதல் வீடு சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடை. பிறகு ஜாதவ்பூர், பிஜய்கட் என நகரின் தெற்கு விளிம்பில் மூங்கிலும் கீற்றும் வைத்துத் தாமாகவே எழுப்பிக்கொண்ட காலனிகள். ஆட்சியாளர்கள் வேண்டாம் என்று சொன்ன நிலத்தில் இரவோடு இரவாகக் கூரை போட்டவர்களும் உண்டு. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960) காட்டும் உலகம் இதுதான். அப்படத்தில் நீதாவின் தியாகத்தையும் இருமலையும் பற்றி நம் திரைப்படச் சங்கங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. அந்த வீட்டின் இளைய தம்பி பந்தாட்டக்காரன் என்பதை நாம் கவனித்தோமா? அகதிக் காலனியின் இளைஞனுக்குத் திறந்திருந்த சில கதவுகளில் அது ஒன்று. அவன் ஆலை வேலைக்குப் போய் விபத்தில் சிக்குகிறான். கட்டக் எதையும் சும்மா வைப்பவர் அல்லர்.

இடையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1955இல் கிழக்கு வங்கம் என்ற மாகாணத்தின் பெயர் கிழக்குப் பாகிஸ்தான் என மாற்றப்பட்டது. 1971இல் அது வங்கதேசம் ஆயிற்று. ஆக, 'கிழக்கு வங்கம்' என்ற பெயருக்கு உலக வரைபடத்தில் இடமில்லாமல் போனது. கல்கத்தா மைதானத்தில் ஒரு கழகத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் அது எஞ்சியது. ஊரை இழந்த ஒருவர், தம் ஊரின் பெயரை ஆயிரக்கணக்கானோர் நடுவே உரக்கக் கத்திவிட்டு வருவதற்கு வாரத்துக்கு ஓரிடம் இருந்தது என்றால், அவர் அங்கே கால்பந்து பார்க்க மட்டுமா போயிருப்பார்?

மேற்கு வங்கத்து ஆதிக்குடிகளுக்குக் 'கோட்டி' என்று பெயர். கிழக்கிலிருந்து வந்தவர் 'பாங்கால்'. (நெல்லைக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம், அங்கே கோட்டி என்றால் சொம்பு என்றுதான் பொருள்.) வந்தவர்களின் உச்சரிப்பு கேலி செய்யப்பட்டது. சமையல் கேலி செய்யப்பட்டது. இவர்கள் சர்க்கரை போட்டுச் சமைப்பதை அவர்கள் திருப்பிக் கேலி செய்தார்கள். நாம் உல்லம் என்று சொல்லும் இலிஷ் மீன் கிழக்கத்தியர்க்குக் கொடி; மேற்கத்தியர்க்கு இறால். ஈஸ்ட் பெங்கால் வென்ற மாலைகளில் சந்தையில் இலிஷின் விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும். இந்த வேடிக்கையை எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் எழுதுகின்றன. அந்த இலிஷ் பத்மாவில் பிடிபடுவது என்பதையும், அந்த ஆற்றங்கரைக்குத் திரும்ப முடியாதவர்களே அதை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் வேடிக்கை சற்றுக் குறையும்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போது எல்லாம் மிக ஒழுங்காகப் பொருந்துவதுபோல் ஒரு மயக்கம் வரும்: அகதிகளின் கழகம் ஒருபுறம், மண்ணின் மைந்தர்களின் கழகம் மறுபுறம். களத்திலே ஆடியவர்கள் யார் என்று பார்த்தால் அந்த ஒழுங்கு உடனே குலைகிறது. பிரிவினைக்குப் பிறகு, அகதிகளின் மனம் மிகவும் தாழ்ந்திருந்த 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து கேடயத்தை வென்றது. அந்த வெற்றிகளைக் கொண்டுவந்த ஐந்து முன்னாட்டக்காரர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்று கல்கத்தா கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை, ஐவரும் தென்னாட்டார். பத்மாவைப் பார்த்திராத அந்த ஐவரின் கால்களில்தான் பத்மாக்கரை மக்கள் தம் மானத்தை ஒப்படைத்தார்கள். அவர்கள் இலிஷ் சாப்பிட்டார்களா என்பது தெரியவில்லை. கோல்களை அடித்துக் கொடுத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் கல்கத்தாவுக்கு நல்ல காலமன்று. நக்சல்பாரி இயக்கத்தின் பேரால் கொலைகளும், அதை அடக்குவதன் பேரால் அதைவிட அதிகமான கொலைகளும் நடந்த ஆண்டுகள் அவை. 1971இல் எல்லைக்கு அப்பால் போர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தனர். காலனிகளில் பழைய அகதிகள் புதிய அகதிகளுக்குத் திண்ணை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதே ஆண்டுகளில் மைதானத்தின் ஒரு மூலையில் மட்டும் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. 1970இல் ஈரானின் பாஸ் தெஹ்ரான் அணியைக் கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் வீழ்த்தியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பரிமள் டே ஒரே கோலை அடித்தார். அவ்வாண்டு தொடங்கி 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கல்கத்தா லீகையும் அது வென்றது. முப்பதுகளில் முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்து ஐந்து முறை வென்று வைத்திருந்த சாதனை அதனால் முறிந்தது.

இந்த வெற்றிகளில் பிற்பகுதியின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் நட்சத்திரம். இவரைப் பற்றிய விசித்திரம், ஆட்டக்காரராக இருந்த காலம் முழுவதும் மூன்று பெரிய கழகங்கள் எதற்கும் இவர் ஆடியதில்லை என்பதே. ஈஸ்டர்ன் ரயில்வே என்ற அலுவலக அணிக்கு ஆடி, 1958இல் அந்தச் சின்ன அணியை லீக் வெற்றியாளராக்கியவர். பயிற்சியாளராக, ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களிடம் அவர் பேசும் பேச்சுக்குக் கல்கத்தா பத்திரிகைகள் ஒரு பெயர் வைத்திருந்தன: குரல் டானிக். அவருடைய சொந்தத் தம்பி பிரசூன் அந்நாளில் ஆடிக்கொண்டிருந்தது மோகன் பகானுக்கு.

1975 செப்டம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஊர்வலங்களுக்குப் பெயர்போன நகரத்தில் ஊர்வலம் கிடையாது, பத்திரிகைகளில் தணிக்கை. கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு அரசு அனுமதித்த இடங்களில் கால்பந்து மைதானம் ஒன்று. இதை வைத்து அன்றைய ஆட்டத்தை அரசியல் எதிர்ப்பாக்கிக் காட்டும் வாசிப்புகளில் நமக்கு நம்பிக்கையில்லை. கத்தியவர்கள் தங்கள் கழகத்துக்காகவே கத்தினார்கள். ஆனால் தொண்டை அடைத்துக் கிடந்த ஊர் அது என்பதையும் மறந்துவிட முடியாது.

கல்கத்தா மைதானம் என்பது கோட்டைக்கும் சௌரங்கிக்கும் நடுவே இராணுவத்துக்குச் சொந்தமான பெரும் புல்வெளி. கழகங்களுக்கு அங்கே கட்டடம் கட்ட உரிமையில்லாததால் அவற்றின் இருப்பிடங்களை இன்றும் 'டென்ட்' என்றே சொல்கிறார்கள். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கே கூப்பிடு தொலைவில் கூடாரமடித்துக் குடியிருக்கும் அண்டைவீட்டார். உள்ளே இடம் சொற்பம். இடம் கிடைக்காதவர்கள் நகரமெங்கும் டிரான்சிஸ்டர்களைச் சுற்றி நின்றார்கள். கல்கத்தாவில் தொலைக்காட்சி தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகாத நேரம். அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார் போன்றவர்களின் வானொலி வர்ணனையைக் கண்ணால் பார்த்ததுபோல் பின்னாளில் விவரிக்கும் பழக்கம் அத்தலைமுறைக்கு உண்டு.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலேயே சுரஜித் சென்குப்தா முதல் கோலை அடித்தார். வலப்புற விங்கரான இவர் ஈஸ்ட் பெங்காலுக்கு வருமுன் மோகன் பகானில் ஆடியவர். பாட்டும் தபேலாவும் அறிந்தவர். அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் 'தாளம்' என்ற சொல்லை ஒருமுறையாவது பயன்படுத்தாமல் விட்டதில்லை. இருபத்துநான்காவது நிமிடத்தில் ஷியாம் தாப்பா. கூர்க்காப் படைப்பிரிவின் அணியிலும் பின்னர் மும்பையின் மபத்லால் அணியிலும் ஆடித் திரும்பிய நேபாளி வம்சத்தவர். கோட்டியும் அல்லர், பாங்காலும் அல்லர். இடைவேளைக்கு முன் ரஞ்சித் முகர்ஜி மூன்றாவது கோலைச் சேர்த்தார். இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில் தாப்பா மறுபடியும். நான்கு.

மோகன் பகானின் கோல்காப்பாளர் பாஸ்கர் கங்குலி. மிக இளையவர். நான்காவது கோலுக்குப் பின் அவரை வெளியே அழைத்து, பிரசாந்த மித்ராவை உள்ளே அனுப்பினார்கள். கால்பந்தில் மற்ற ஆட்டக்காரர்களை மாற்றுவது ஒரு உத்தி. நான்கு கோல் வாங்கிய காப்பாளரை ஆட்டத்தின் நடுவே மாற்றுவது பகிரங்கத் தீர்ப்பு. கேலரியின் அத்தனை கண்களும் பார்த்திருக்க, அந்த இளைஞர் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சுபங்கர் சன்யால் ஐந்தாவதை அடித்தார்.

நமக்குக் கிடைக்கும் எல்லா விவரிப்புகளும் ஐந்தாவது கோலோடு ஆட்டத்தைவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. நாமும் வெளியே வருவோம். ஏனெனில் அந்த நாளின் வரலாறு விளக்கு வைத்தபிறகு நடந்தவற்றில்தான் அதிகம் இருக்கிறது.

மோகன் பகான் கூடாரத்தை அதன் சொந்த ஆதரவாளர்களே முற்றுகையிட்டார்கள். அவமானம் கோபமாகிவிட்டிருந்தது. வீட்டுக்குப் போவது ஆபத்து என்றறிந்து, சுப்ரத பட்டாச்சார்யா உள்ளிட்ட ஆட்டக்காரர் சிலர் அன்றிரவைக் கங்கையில் ஒரு படகில் கழித்தார்கள். மோகன் பகானின் சின்னமே பாய்மரப் படகு என்பதை வாசகர் நினைவில் கொள்ளலாம். கதைகளில் வந்தால் இது செயற்கை என்று நாமே குறை சொல்லியிருப்போம். அதைவிட வினோதம், நதியும் படகும் யாருடைய உலகம் என்பது. வீட்டுக்குப் போக முடியாமல் நீரின்மீது ஓரிரவு. கிழக்கத்தியர் பலருக்கு அது புதிய அனுபவமாகத் தோன்றியிருக்காது.

காலனிகளில் அன்றிரவு உறக்கமில்லை. பட்டாசு, சங்கொலி, கூடையோடு கைமாறிய இலிஷ். இருபத்தெட்டு ஆண்டுகளாக வாடகை வீட்டுக்காரர்போல் நடத்தப்பட்ட ஒரு கூட்டம், வீட்டுக்காரரின் கண்ணெதிரே, வீட்டுக்காரரின் முற்றத்தில் ஐந்து முறை எழுந்து நின்று ஆடியது. அந்த மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை. அதனால் ஒரு குடும்பத்துக்கும் நிலப்பட்டா கிடைக்கவில்லைதான். ஆனால் மறுநாள் காலை டிராமில் ஏறும்போது தம் பேச்சுவழக்கைத் தாழ்த்திக்கொள்ளாமல் பேசியிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அதே இரவில் மோகன் பகானின் இளம் ஆதரவாளர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் சிறந்த மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து இந்தத் தோல்விக்குப் பழிதீர்ப்பேன் என்ற பொருளில் அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய பெயர் எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. நாம் இங்கே எழுதவில்லை. கழகப் பற்றின் உச்சம் என்று பல கட்டுரைகள் அம்மரணத்தை ஒருவிதப் பெருமிதத்தோடு குறிப்பிடுவதைப் பார்க்கிறோம். அந்தப் பெருமிதம் நமக்கு உவப்பில்லை. ஒரு வீட்டில் பிள்ளை போய்விட்டான். கோல் எண்ணிக்கையின் அடியில் அலங்காரக் கோடு போடுவதற்காக அவனை எடுத்துக்கொள்வது முறையாகாது.

அவன் பழிதீர்க்க வேண்டும் என்று எண்ணிய அந்த ஆட்டத்தின் மனிதர்கள் அடுத்த ஈராண்டில் எங்கே இருந்தார்கள்? 1976இல் பி.கே. பானர்ஜி மோகன் பகானின் பயிற்சியாளரானார். ஐந்து கோலைத் திட்டமிட்ட மூளையை அவர்கள் விலைகொடுத்து வாங்கிவிட்டார்கள். அவ்வாண்டு லீக் மோதலில் ஆட்டம் தொடங்கிய பதினேழாவது நொடியில் முகமது அக்பர் கோலடிக்க, அந்த ஒரே கோலால் மோகன் பகான் வென்றது. ஹைதராபாத்துக்காரரான அக்பர் அதற்குச் சில பருவங்களுக்கு முன்வரை ஈஸ்ட் பெங்கால்காரர். நான்கு கோல் வாங்கி வெளியே நடந்த பாஸ்கர் கங்குலி அதே 1976இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அங்கே பல்லாண்டு ஆடி, இந்தியாவின் மிகச்சிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவர் என்று பெயரெடுத்து, 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். தம்மைச் சிரித்துக் கொன்ற கேலரிக்கே அவர் காவலர் ஆனார். 1977இல் ஷியாம் தாப்பா மோகன் பகானுக்கு மாறினார். அவ்வாண்டுக் கேடய இறுதியாட்டத்தில் மீண்டும் இதே இரு கழகங்கள், முடிவு ஒன்றுக்குப் பூச்சியம், கோலடித்தவர் தாப்பா, வென்றது மோகன் பகான். மறுபிறவிக்குக் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால், அடித்தவனே வந்து திருப்பி அடித்துக் கொடுத்திருப்பான்.

கல்கத்தாவில் ஆண்டுதோறும் நடந்த 'தள்பதல்' என்னும் கழக மாற்றம் ஒரு தனித் திருவிழா. ஆட்டக்காரர்களை எதிரிக் கழகம் கொத்திக்கொண்டு போகாமலிருக்க, பதிவு முடியும்வரை வீடுகளில் ஒளித்துவைத்த கதைகள் ஏராளம். ஆட்டக்காரர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆடும் காலம் பத்தாண்டு, கிடைக்கும் பணமோ இன்றைய கணக்கில் ஒன்றுமேயில்லை. அவர்கள் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் படகோட்டிகள்போல் போய்வந்தார்கள். கரையிலேயே நின்றவர்கள் பார்வையாளர்கள். பிறந்த குடும்பத்தால் கழகம் வாய்த்தவர்களுக்குத் தள்பதல் கிடையாது.

அதற்கான விலையின் பெரும்பகுதி 1980இல் கட்டப்பட்டது. ஆகஸ்டு 16, ஈடன் கார்டன்ஸ், லீக் மோதல். இருதரப்பு ஆதரவாளர்களும் ஒரே அடுக்கில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் முரட்டாட்டம் நடந்தது. இருதரப்பிலும் ஒருவர் வெளியேற்றப்பட, கேலரியில் கல்லெறியும் கைகலப்பும் தொடங்கின. தப்பி ஓடும் நெரிசலில் பதினாறு பேர் இறந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் எவரும் கோலடிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் வங்கத்துக் கால்பந்துச் சங்கம் இரத்ததான முகாம் நடத்தி அவர்களை நினைவுகூர்கிறது. கல்கத்தா நிறுவிய நினைவுச் சின்னங்களில் நமக்கு மிக ஏற்புடையது இதுவே. கல் நடவில்லை, யாருக்கோ இரத்தம் போகிறது.

1975இன் எண்ணிக்கைக்கு மோகன் பகான் ஆதரவாளர்கள் முப்பத்துநான்கு ஆண்டு காத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் ஐ-லீக் மோதலில் அவர்களும் ஐந்து அடித்தார்கள். ஆனால் மூன்று வாங்கினார்கள். ஐந்துக்கு மூன்று. ஐந்து அடித்தோம் என்று ஒரு தரப்பும், பூச்சியம் எங்கே என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. அந்த வாதத்தில் நாம் தலையிடப் போவதில்லை.

தென்னாட்டுக் கால்களின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2019க்குப் பிறகு நான்காண்டுக்கும் மேலாக மோகன் பகானை வெல்ல முடியாமல் ஈஸ்ட் பெங்கால் தவித்தது. 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்ட் கோப்பையில் அந்தத் தவிப்பை முடித்த ஒரே கோலை அடித்தவர், சென்னையிலிருந்து போன நந்தகுமார் சேகர். அன்றிரவு ஜாதவ்பூரின் காலனிகளில், பத்மாக்கரையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு தமிழ்ப் பெயரைத் தம் நாக்குக்கு ஏற்றபடி திருத்திக் கூவினார்கள். வெங்கடேஷையும் தன்ராஜையும் அவர்களுடைய தாத்தாக்கள் அப்படித்தான் கூவியிருப்பார்கள். மூன்று வாரம் கழித்து அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

கரையில் நின்றவர்களைப் பற்றி ஒரு செய்தி மீதமிருக்கிறது. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்டு 18 அன்று சால்ட் லேக் அரங்கில் நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை மோதல், பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் அன்று மாலை ஆதரவாளர்கள் அரங்கத்தின் வாசலுக்கு வந்தார்கள். சிவப்பும் பொன்னும் அணிந்தவர்கள், பச்சையும் அரக்கும் அணிந்தவர்கள், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ஆட்களும்கூட. நீதி கேட்டு ஒரே முழக்கத்தை எழுப்பினார்கள். காவலர்கள் தடியடி நடத்தினார்கள். பூட்டிய அரங்கத்துக்கு வெளியே, மழைக்கால மாலையில், இரண்டு கொடிகளையும் சேர்த்துப் பிடித்தபடி அவர்கள் நெடுநேரம் கலையாமல் நின்றிருந்தார்கள்.